ஊறினா அடைச்சிக்கும்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஒற்றுகள் விட்டுப்போகும். கழியும் கயிறும் பிடித்த கை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு, தாங்களே திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையில் படகுப் பட்டறை வைத்திருந்தவரைப் பற்றி எழுதப் போகிறேன். அவர் பெயரை எழுதவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவர் இந்த ஆவணியில் போய்ச் சேர்ந்தார். கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் பாருங்கள், ‘அவன்’ என்று எழுதக் கை வரவில்லை. அவர் எங்களையெல்லாம் அப்படிப் பழக்கி வைத்திருந்தார்.

பட்டறை முழுக்கக் குங்கிலியமும் எண்ணெயும் கொதித்துக்கொண்டிருக்கும். அங்கே போய் நின்றாலே வேட்டியில் கறை ஏறும். அவர் சட்டையில் மட்டும் ஒரு நாளும் கறை பார்த்ததில்லை. நெற்றி நிறையக் குங்குமம், காதில் ஒரு பூ, கையில் விசிறி. வேலை நடக்கிற பக்கம் அவர் திரும்பியே பார்க்க மாட்டார். வழியைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பார். யாராவது வந்தால் எழுந்து நிற்பார்.

“வா நைனா, வா. இன்னா இப்டி இளைச்சிப் பூட்டே? ஒக்காரு மொதல்ல.”

தன் முக்காலியைத் துண்டால் துடைத்துப் போடுவார். அது சாதாரண விஷயமில்லை. அந்தக் காலத்தில் படகுக்காரனை உட்காரச் சொல்கிறவர் கிடையாது. மண்டிக்காரர்கள் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுவார்கள். கால்வாய்க் கதவைத் திறந்துவிடும் சர்க்கார் ஆள் கரையில் நின்று நாயை விரட்டுவதுபோலக் கத்துவான். இவர் ஒருவர்தான் உட்கார வைத்து, சோடா உடைத்துக் கொடுத்து, வீட்டில் இருக்கிறவர்களைப் பேர் சொல்லி விசாரிப்பார். யார் வீட்டில் யாருக்கு இருமல், யாருடைய பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். படகில் எந்தப் பலகை உளுத்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்காது.

வேலை அவ்வளவு மோசம். செம்பு ஆணி கேட்டால் இரும்பு ஆணி அடித்து மேலே காவி பூசிவிடுவார். “செம்பெல்லாம் கன்ட்ரோல்ல பூட்ச்சி நைனா” என்பார். உளுத்த பலகையை மாற்றச் சொன்னால் அதன்மேல் தகரம் வைத்து அடித்துவிடுவார். ஒரு வாரத்தில் முடியும் என்ற வேலை ஒரு மாதம் இழுக்கும். படகு ஒழுகுகிறது என்று திரும்பி வந்து நின்றால் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்.

“மரம் தண்ணி குடிக்கணும் நைனா. கரைல காஞ்சி கெடந்துச்சில்ல? மூணு நாள் ஊற வுடு. ஊறினா அடைச்சிக்கும்.”

இதில் எரிச்சல் என்னவென்றால், அது பொய்யில்லை. காய்ந்த பலகை தண்ணீரில் ஊறினால் பருக்கும். பருத்தால் சின்னச் சின்ன இடுக்குகள் அடைபடும். படகுக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டு அவர் எல்லா ஓட்டைக்கும் பதில் சொல்லிவிட்டார்.

மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் அடையாற்றில் சவாரி போவதற்காகச் சின்னப் படகு ஒன்று வைத்திருந்தார். அவர் ஒரு நாள் காகிதமும் கையுமாக வந்து நின்றதை நான் பார்த்தேன். காகிதம் முழுக்கக் குறைகள், நம்பர் போட்டு எழுதியிருந்தார்.

“என்னய்யா வேலை பண்ணியிருக்கீர்? ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஏறிண்டு போனேன். பாதி தூரத்துல கணுக்கால் அளவு ஜலம். எல்லாரும் செம்பால மொண்டு கொட்டிண்டே திரும்பினோம். கோர்ட்டுக்கு இழுத்துடுவேன், தெரியுமோ?”

பட்டறைக்காரர் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைசி வரி வரைக்கும் மெதுவாகப் பார்த்தார்.

“சாமி எழுத்து முத்து கோத்த மாதிரி கீது. இத்த கண்ணாடி போட்டு மாட்டணும். டேய், சாமிக்கு எளநி வெட்டு.”

இளநீர் தீர்வதற்குள் வக்கீலின் பெண்ணுக்கு எந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டால் குழந்தை பிறக்கும் என்பது வரை பேச்சு போய்விட்டது. “போகட்டும், இந்தத் தடவையாவது சரியாப் பண்ணும்” என்று படகை மறுபடியும் அவரிடமே விட்டுவிட்டு வக்கீல் போனார். தெரு முனை தாண்டியதும் பட்டறைக்காரர் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தன் மேசைக் காலுக்கு அடியில் செருகினார். பத்து தச்சர்கள் வேலை செய்கிற இடத்தில் அவர் மேசையே ஆடிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

வேறு பட்டறைக்குப் போயிருக்கலாம். பட்டணத்துக்கு வடக்கே போக வேண்டும், போகவர நாலு நாள் கெடும் என்று சொல்லிக்கொண்டோம். உண்மை அது மட்டுமில்லை. முக்காலிக்காகவும் போனோம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்கள் படகை அவரிடம் விட்டோம். எங்கள் என்றால் எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும். மச்சான்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர். கோவளத்துப் பக்கம் சூளையில் சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பை ஏற்றி மயிலாப்பூர்த் துறையில் இறக்குவோம். தியாகராய நகரில் வீடுகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த காலம். இரண்டு குடும்பத்துக்கும் அந்தப் படகுதான் சோறு.

சுட்ட சுண்ணாம்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காய்ந்திருக்கும் வரை அது ஒன்றும் செய்யாது. தண்ணீர் பட்டால் அடுப்பில்லாமலே கொதிக்கும். பருத்துக்கொண்டு மேலே வரும். தொட்ட இடத்தைத் தின்னும். விறகுப் படகில் ஒரு சாண் தண்ணீர் ஏறினால் விறகு நனையும், அவ்வளவுதான். சுண்ணாம்புப் படகில் தண்ணீர் ஏறவே கூடாது.

இதை நான் பட்டறைக்காரரிடம் சொன்னேன். படகை விட்ட அன்று சொன்னேன். “சுண்ணாம்பு ஏத்தற படகுங்க, கொஞ்சம் பார்த்துச் செய்யணும்.” அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“நீ சொல்லணுமா நைனா? உன் புருவமே சொல்லுதே. நாப்பது வயசுக்குள்ள கெழவனாட்டம் வெளுத்துக் கீது.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நடுவில் ஒரு தடவை போனபோது மறுபடியும் சொன்னேன். படகை எடுக்கப் போன அன்றும், பட்டறைக்குள் நுழைந்ததுமே சொன்னேன். மூன்று முறை. மூன்று முறையும் மச்சான் பக்கத்தில் இல்லை. எனக்கு ஒரு விஷயத்தை மூன்று முறை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

படகை எடுக்கப் போன அன்று காலையில் இன்னொன்றும் நடந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே எண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, உளி வைத்து அடித்து இறுக்கி, மேலே குங்கிலியம் பூசுவார்கள். கலப்பத்து என்பார்கள். அந்த வேலை செய்கிறவர் ஒருவர் பட்டறைக்குப் பின்னால் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

“அண்ணே, பக்கப் பலகைல மூணாம் வரிசைக்குப் புதுப் பஞ்சு வெக்கல. பழைய பஞ்சு மேலயே குங்கிலியம் பூசச் சொல்ட்டாரு. எறக்கறதுக்கு முன்னாடி உள்ள தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லிப்புடாத. புள்ளகுட்டிக்காரன்.”

தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். படகு கட்டைமேல் நிற்கும்போதே உள்ளே இரண்டு முழம் தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கே வெளியே கசிகிறதோ அங்கே குறி போட்டு மறுபடி அடிப்பார்கள். இவர் பட்டறையில் மட்டும் அது கிடையாது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். படகை எடுக்க எட்டு மணிக்கு வரச் சொல்வார். ஏழரைக்கே பூசை ஆரம்பமாகிவிடும். தேங்காய், பூசணிக்காய், படகின் மூக்கில் மஞ்சள், மாலை. கற்பூரம் காட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிக் காட்டுவார். கற்பூரம் காட்டின படகில் யார் தண்ணீர் ஊற்றுவது? யாராவது வாயைத் திறந்தால், “முங்கறதுக்கு நாமளே ஒத்திகை பாக்கணுமா நைனா?” என்பார். தண்ணீரில் பிழைக்கிறவர்கள் நாங்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்வோம்.

அன்றும் நான் பின்பக்கத்திலிருந்து வருவதற்குள் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மச்சான் கைகூப்பி நின்றார். “தண்ணி ஊத்திப் பாக்கணும்” என்பதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனேன். பட்டறைக்காரர் தட்டை நீட்டினார். திருநீற்றை அவரே என் நெற்றியில் பூசினார். முக்காலியைப் போட்டார். சோடாவைக் கையில் திணித்தார்.

“ஊட்ல எத்தினி மாசம் இப்போ? ஆறா? பாத்துக்கோ. கனமா எதையும் தூக்க வுடாத.”

நான் சோடாவைக் குடித்தேன். “ஆறுங்க” என்றேன். எனக்கு வந்த வார்த்தை அவ்வளவுதான். படகு சரிந்து தண்ணீரில் இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மூன்று நாள் வெறும் படகைத் துறையில் கட்டிப்போட்டோம். முதல் நாள் பூராவும் இறைத்தோம். இரண்டாம் நாள் ஒழுக்கு குறைந்தது. மூன்றாம் நாள் அடி காய்ந்திருந்தது.

“பாத்தியா மாப்ளே? மனுசன் சொன்னா சொன்னதுதான்” என்றார் மச்சான்.

வெறும் படகு ஒரு முழம்தான் மூழ்கும். பாரம் ஏற்றினால் இரண்டு முழம். மூன்றாம் வரிசைப் பலகை அதுவரை தண்ணீரையே பார்க்கவில்லை. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மச்சானுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கற்பூரம் எங்கள் இரண்டு பேர் மூளையையும் மழுக்கியிருந்தது.

சுண்ணாம்பு ஏற்றித் திரும்பி வரும்போது இரண்டாம் நாள் காலை. அடையாற்றுக் கால்வாய்க் கதவு கண்ணுக்குத் தெரிகிற தூரம். நான் கரையில் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போனேன். மச்சான் படகில் கழி ஊன்றினார். திரும்பிப் பார்த்தேன். படகின் நடுவிலிருந்து ஆவி வந்தது. சோறு வடிக்கும் ஆவி மாதிரி. இவ்வளவு சீக்கிரம் உலை வைத்துவிட்டாரா என்று நினைத்துக்கொண்டு இன்னும் பத்தடி இழுத்தேன்.

“மாப்ளே, கவுத்த வுடு.”

சுண்ணாம்பை மூடியிருந்த ஓலைப்பாய்க்கு அடியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து, இறைப்பதற்காக அவர் நடுப்பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கியிருந்தார். அவர் இறங்கியதும் மேலே குவிந்திருந்த சுண்ணாம்பு சரிந்தது. முழங்கால் வரைக்கும் கொதிக்கிற குழம்பில் நின்றார். நான் நீந்திப் போய் அவரை இழுத்துக் கால்வாய்க்குள் போட்டுக் கழுவினேன். கழுவக் கழுவ என் கையோடு தோல் வந்தது. எங்களுக்குப் பின்னால் சுண்ணாம்பு பருத்துப் பலகைகள் ஒவ்வொன்றாகப் பிளக்கும் சத்தம் கேட்டது. ஓலைப்பாய் புகைந்தது. அந்த நிலையிலும் எந்த வரிசை முதலில் பிளந்தது என்று பார்த்தேன். மூன்றாம் வரிசை.

ஆஸ்பத்திரியில் மச்சானுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வலது பாதத்தில் விரல்கள் ஒட்டிக்கொண்டன.

பட்டறைக்காரர் தினமும் வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அடுக்கில் இட்லி கொண்டுவந்து, தன் கையாலேயே ஊட்டினார். தலையைத் தடவிக் கொடுத்தார். ஒரு நாள் அப்படி ஊட்டிக்கொண்டிருந்தபோது என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

“ஏன் நைனா, சுண்ணாம்பு ஏத்தப் போறேன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? பாதுகாப்பா செஞ்சி குடுத்திருப்பேனே.”

மச்சான் வாயில் இட்லியோடு என்னைப் பார்த்தார். “சொல்லலியா மாப்ளே?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. களைப்பாகக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என் மனைவி நிற்கிறாள், பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர்கள் பார்க்கிறார்கள், பட்டறைக்காரர் அழுதுகொண்டிருக்கிறார். தலையைக் குனிந்தேன். குனிந்ததை எல்லோரும், ஆமாம், சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள். “நெசமாவே சொல்லலியா நீ?”

“சொன்னேன். மூணு தபா.”

“அப்பறம் அங்க ஏன் வாய மூடிக்கினு நின்ன?”

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் பொய் சொன்னாரா? பல நாள் யோசித்திருக்கிறேன். சொன்னபோது அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அவருக்கு ஒத்துவராததை அவர் காது உள்ளேயே விட்டிருக்காது என்று நினைக்கிறேன். தெரிந்தே பொய் சொல்கிறவனைக் கழுத்தைப் பிடிக்கலாம். இந்த மனிதரை எங்கே பிடிப்பது?

மச்சான் எழுந்து உட்கார்ந்ததும் அவரே வந்து பட்டறைக் காவலுக்கு அழைத்துப் போனார். வாசலில் முக்காலி போட்டுக் கொடுத்தார். வருஷம் தவறாமல் தீபாவளிக்கு வேட்டி, பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முன்னின்று நடத்துவது, எல்லாம் செய்தார். ஒழுகும் படகுகளோடு வந்து நிற்கிறவர்களிடம், “ஊறினா அடைச்சிக்கும், ஒண்ணியும் கவலப்படாத” என்று மச்சானே சொல்ல ஆரம்பித்தார். அதை என் காதால் கேட்டேன். கட்டைக்காலோடு உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

நான் விறகுத்தொட்டியில் கட்டை பிளக்கப் போய்விட்டேன். பட்டறை வழியாகப் போவதை விட்டேன். உண்மையைச் சொன்னால் மச்சான் வயிற்றில் அடித்ததுபோல ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை.

பட்டறைக்காரருடைய கருமாதிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். தங்கமான மனுசன், கோவமே தெரியாது, யாரையும் நிக்க வெச்சிப் பேசினது கிடையாது. எல்லாம் வாஸ்தவம். அந்த மனிதர் செய்து கொடுத்த ஒரு படகாவது ஒழுகாமல் ஓடியது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடைசியில் மச்சான் கழியை ஊன்றி எழுந்தார்.

“எங்க மாப்ள ஒரு வார்த்த சொல்லாம வுட்டுட்டாரு. அதுக்கு இந்த மகராசன் இத்தினி வருசம் எனக்குச் சோறு போட்டாரு.”

கூட்டம் என்னைப் பார்த்தது. யாரோ, “நீயும் ரெண்டு வார்த்த சொல்லு” என்றார்கள். எழுந்தேன். “நல்ல மனுசன்” என்றேன். உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்தவர்மேல் இருக்கிற கோபமா, என்மேல் இருக்கிற கோபமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆகவே எழுதிவிட்டேன். சுண்ணாம்பு என்று மூன்று முறை சொன்னேன். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. முதலாவதை மச்சான் நம்ப வேண்டும். நம்பினால் இரண்டாவதையும் அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால் நானும் பட்டறைக்காரரும் ஒன்றுதான்.

மச்சானுக்கு எழுத்துத் தெரியாது. நாளை சாயங்காலம் தொட்டி மூடியதும் அவர் வீட்டுக்குப் போய், எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து நானே வாசிக்கப் போகிறேன். அவருக்குக் காது மந்தம். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படிதான் வாசிக்க வேண்டும்.

14-10-1962, ஞாயிற்றுக்கிழமை.